இரண்டு மணி பத்து நிமிடம்

இடது பக்கம், ஆறு மணி ஐந்து நிமிடம். இதை உண்மையாகவே கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். பேனாவுக்கு மூடி போடுவதற்குள் பாப்பா வாயை வைத்துவிட்டாள், அந்த முதல் இழுப்புக்கு உள்ளங்கால் வரைக்கும் ஒரு கூச்சம் ஓடி அடங்குகிறது, அடங்கியதும் காது திறந்துகொள்கிறது, கூடத்தில் நாற்காலி இழுபடுவது, அத்தை காப்பித் தம்ளர்களைத் தட்டில் அடுக்குவது, வேதநாயகம் சார் தொண்டையைச் செருமுவது. கதவைச் சாத்தக் கூடாது என்பது அத்தையின் சட்டம். நாலு விரற்கடை திறந்தே இருக்கவேண்டும், உள்ளே நான் அசந்துபோனால் வெளியே தெரியவேண்டாமா என்பார். அந்த நாலு விரற்கடை வழியாகத்தான் எல்லாம் உள்ளே வருகிறது. ஞானசுந்தரி டீச்சர் காணாமல் போய் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. எங்கள் பிளாக்கின் கீழ்வீட்டில் தனியாக இருந்த கணக்கு டீச்சர், ரிட்டயர்டு ஆகிப் பத்து வருடம், பெங்களூரில் ஒரு மருமகன் முறை, அவர்தான் புகார் கொடுத்தார், போலீஸ் வந்து பூட்டைத் திறந்து பார்த்து, அடுப்பில் அரை டம்ளர் ரசம் இருந்ததைக்கூட எழுதிக்கொண்டு போனார்கள், அப்புறம் ஒன்றும் இல்லை. அதனால் இவர்களே கண்டுபிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். வேதநாயகம் சார் ரயில்வேயில் கார்டாக இருந்தவர், எங்கள் அடுக்ககத்துக்குச் செயலாளர். பி பிளாக் கோமு அக்கா, போனில் கொலைக்கதைகளாகப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனவள். அப்புறம் டென்சிங், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், எல்லாவற்றையும் கட்டம் போட்டு வரைகிறவன். தினமும் எங்கள் வீட்டில்தான் கூட்டம். ஏனென்றால் நான்தான் சாட்சி. டீச்சரைக் கடைசியாகப் பார்த்தவள் நான். பச்சைப்பிள்ளையைப் போட்டுவிட்டு நான் வெளியே போகமுடியாது என்பதால் அவர்கள் வருகிறார்கள். இன்றைக்குப் போலீசுக்கு மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாப்பா குடித்து முடித்ததும் நான் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். மெதுவாகக் குடி. மெதுவாகக் குடி அம்மா.

ஆனால் அவள் வேகமாகக் குடிக்கிறாள், என்றைக்கும் இல்லாமல் இன்றைக்கு. வெளியே வேதநாயகம் சார் படிக்கிறார், செவ்வாய்க்கிழமை பிற்பகல் சரியாக இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மேற்படி ஞானசுந்தரி அவர்கள் பின்கேட் அருகே நின்றதைத் திருமதி சண்முகவடிவு தம் படுக்கையறை ஜன்னல் வழியே கண்டார். என் முழுப்பெயர் அவர் வாயில் வரும்போது யாரோ வேறொருத்தி, நேரம் தவறாதவள், நறுக்கென்று வாழ்கிறவள். முதல்நாள் கேட்டபோது நான் நேரமே சொல்லவில்லை. பால் கொடுக்கும்போது பார்த்தேன், பின்கேட்டுப் பக்கம் குடையும் பையுமாகப் போனார்கள், முதுகுதான் தெரிந்தது, அவ்வளவுதான் சொன்னேன். அத்தைதான் உள்ளே போய் இந்த நோட்டை எடுத்துவந்தார். எங்க மருமக ஒரு நேரம் விடாம எழுதி வச்சிருக்கா, பாத்துக்கிடுங்க என்று பெருமையாக விரித்தார். முதல்முறையாக என்னைப் பற்றி ஒரு பெருமை. செவ்வாய், பிற்பகல், இடது, இரண்டு பத்து, பதினைந்து நிமிடம். அதற்கு முன்னால் வலது, பதினொன்று நாற்பது, அதற்குப் பின்னால் வலது, நாலு இருபத்தைந்து. பின்கேட் தெரிகிற ஜன்னல் கட்டிலுக்கு இடப்பக்கம், அந்தப் பக்கம் சாய்ந்தால்தான் இடது கொடுக்க வாகு, ஆகவே இரண்டு பத்து என்று டென்சிங் கணக்குப்போட்டுச் சொன்னான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேனா, ஆட்டவில்லையா. பாப்பாவின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தேன், ஆடியது அவள் தலையாகக்கூட இருக்கலாம். அன்றிலிருந்து வேதநாயகம் சாருக்கு அதுதான் ஜங்ஷன். எந்தக் கதை சொன்னாலும் வண்டி ரெண்டு பத்துல நின்னுதான் போகணும் என்பார்.

நோட்டு பொய். ஆறாம் வகுப்பில் கான்வென்ட்டில் மழைப்பதிவேடு வைக்கச் சொன்னார்கள், தினமும் காலை எட்டு மணிக்கு மொட்டைமாடியில் வைத்த பாட்டிலில் எத்தனை மில்லிமீட்டர் என்று. பாட்டில் முதல் வாரத்திலேயே உடைந்துவிட்டது. நான் நவம்பர் முழுவதையும் முப்பதாம் தேதி சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். பத்து, இருபது என்று எழுதினால் பொய் தெரியும். ஏழு, பதின்மூன்று, இரண்டரை என்று எழுதவேண்டும், நடுவில் ஒருநாள் மழையில்லை என்று கோடு போடவேண்டும். சிஸ்டர் பெர்னதெத் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அந்த நோட்டை உயர்த்திக் காட்டினார், காலி இடம் விடாதவளைப் பாருங்கள் என்றார், எனக்கு ஒரு மாதா சொரூபப் படம் பரிசு கொடுத்தார். அன்றைக்கு உள்ளே ஒரு குளிர் இறங்கியதே, அதே குளிர்தான் இப்போது விலாவில் நிற்கிறது. காலி இடம் விடக்கூடாது. டாக்டர் நாலு கட்டம் போட்டுக் கொடுத்தார், நேரம், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், எத்தனை ஈரத்துணி. மூன்று மாதத்தில் ஐந்து கிலோவாவது இருக்கவேண்டிய பிள்ளை நாலு கிலோ நூறுதான் இருந்தாள். ரெண்டு ரெண்டரை மணிக்கு ஒருதரம் கொடுக்காளான்னு தெரியணும் என்று டாக்டர் என்னிடம் சொல்லவில்லை, அத்தையிடம் சொன்னார். என் வீட்டுக்காரருடைய அக்கா, மதுரை மதினி, பக்கத்தில்தான் இருந்தார். பத்து வருடமாகப் பிள்ளையில்லாதவர். பாப்பாவ ஒரு மூணு மாசம் நான் கொண்டுபோயித் தேத்திக் கொண்டாரேன், அவளும் தூங்கி எந்திரிக்கட்டும் என்றார், பாசமாகத்தான் சொன்னார், அதுதான் பயம். வேலை பார்க்கிற ஓசூரிலிருந்து வீட்டுக்காரர் போனில், நோட்டு ஒழுங்கா இருந்தா இங்கயே இருக்கட்டும்டி, இல்லன்னா அக்கா சொல்லுதது சரிதானே என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நாளை மறுநாள் திங்கட்கிழமை எடை பார்க்கும் நாள். மதினி நாளைக்கே வருகிறார், காரில், தொட்டில் துணியெல்லாம் வாங்கி வைத்துவிட்டாராம், சும்மா பார்க்கத்தான் என்றார்.

அந்தச் செவ்வாய் எனக்கு என்ன தெரியும். பதினொன்றே முக்கால் போலக் கொடுத்தேன், அது நிஜம், அத்தை கோயிலுக்குப் புறப்படும்போது கொடுத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பாடு அங்கேயே, வர ஆறாகும், கதவைத் தாழ்போட்டுக்கோ என்றார். தாழ் போட்டேன். கண்ணை மூடினேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒரு கறுப்புத் துணி. கனவுகூட இல்லை. அப்புறம் ஒரு சத்தம், தூரத்தில் எங்கேயோ ஏதோ அறுபடுகிற மாதிரி, அது என் பிள்ளையின் அழுகை என்று தெரிவதற்கே எத்தனை நேரம் ஆனதோ. அவள் தொண்டை கட்டியிருந்தது. முகமெல்லாம் சிவந்து, துணியெல்லாம் நனைந்து காய்ந்து மறுபடி நனைந்து. தூக்கி வாயில் வைத்துவிட்டு ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தபோதுதான் கீழே டீச்சரின் முதுகு. வெயில் என் கண்ணில் குத்தியது. அதுதான் விஷயம். இது மேற்குப் பார்த்த ஜன்னல், இரண்டு மணிக்கு இங்கே வெயில் வராது, நாலு மணிக்கு மேல்தான் கட்டில் காலைத் தொடும், அன்றைக்கு என் மடி வரை வந்திருந்தது. இது எனக்குப் பன்னிரண்டு நாளாகத் தெரியும். சாயங்காலம் அத்தை வருவதற்குள் நோட்டில் காலியாக இருந்த மத்தியானத்தை நிரப்பினேன், இரண்டு பத்து என்று. இரண்டு என்று எழுதவில்லை, இரண்டேகால் என்றும் எழுதவில்லை. எவ்வளவு சாமர்த்தியம்.

வலது பக்கம் மாற்றுகிறேன். ஆறு இருபத்தொன்று. பாப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள், சாட்சியைப் பார்ப்பதுபோல. வெளியே கோமு அக்கா கதையை மாற்றிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு எப்போதும் அந்தப் பெங்களூர்க்காரன்மேல்தான் சந்தேகம், வீடு ஒத்தைப் பொம்பள பேர்ல இருக்கு அண்ணாச்சி, கதை அங்கனதான் கெடக்கு என்கிறாள். டென்சிங் மெதுவாக, மறதி வந்திருக்கலாம், அந்த வயசுல பேரே மறந்து எங்கயாவது பஸ் ஏறிருவாங்க என்கிறான். வேதநாயகம் சார் இருவரையும் விடுவதாக இல்லை. மறதியோ மருமகனோ, ஏறுததுக்கு வெளியே போகணும்லா. முன்கேட் ரிஜிஸ்டர்ல டீச்சர் போகல. பின்கேட்டுக்கு எதிர்த்தாப்ல கலர்மீன் கடை காமிராவுல ஒண்ணே முக்கால்லருந்து ரெண்டே முக்கால் வர நாமளே உக்காந்து பார்த்தாச்சு, ஒரு ஈ வெளியே போகல. அப்ப ரெண்டு பத்துக்குப் பின்கேட்டுகிட்ட நின்ன பொம்பள என்ன ஆனா? திரும்பி உள்ள வந்திருக்கா. உள்ள யாரு இருந்தா? நிறுத்துகிறார். பதில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அவர் கொடி காட்டாமல் வண்டி நகராது. சுடலைமுத்து. தண்ணீர் கேன் போடுகிறவன். ரிஜிஸ்டர்படி உள்ளே ஒன்று ஐம்பத்தைந்து, வெளியே இரண்டு முப்பத்தைந்து. நாலு கேன் போட நாப்பது நிமிஷமா என்கிறார் சார். அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை என்று டென்சிங் முனகுகிறான். ஓடலன்னா மூச்சு வாங்கும்ல, டீச்சர் வீட்ல தண்ணி கேட்டு உக்காந்திருப்பான் என்று கோமு அக்கா, அந்தப் பெங்களூர்க்காரனை மறந்தே போனாள். தண்ணிக்காரன் தண்ணி கேக்கானாக்கும் என்று அத்தை, எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிப்பு கதவிடுக்கில் வந்து என் கழுத்தில் ஊர்கிறது. இவர்கள் சொன்னதைக் கேட்டு நேற்று முன்தினத்திலிருந்து சுடலைமுத்தை ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறார்கள். அவன் மனைவி காலையிலிருந்து பின்கேட்டுக்கு வெளியே ஒரு காலிக் கேனைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள், யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, எங்கள் எல்லார் வீட்டு ஜன்னலையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் மத்தியானமே திரையை இழுத்துவிட்டேன்.

ஒருவேளை இரண்டு பத்தேதானோ. கறுப்புத் துணிக்குள் நடுவில் ஒருமுறை எழுந்தேனோ, கொடுத்தேனோ, பார்த்தேனோ. வெயில் மேகத்தில் பட்டுத் திரும்பி வந்திருக்குமோ. இப்படி யோசிக்கலாம், யோசித்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம், சுடலைமுத்து செய்யவில்லை என்றால் போலீஸே விட்டுவிடும், அவர்களுக்குத் தெரியாதா. தெரியாது. அவர்களுக்கும் இதே இரண்டு பத்துதான் கையில் இருக்கிறது. அவன் கேனை இறக்கும்போது பாப்பா தூங்குகிறாளா என்று சைகையில் கேட்பான், தூங்குகிறாள் என்றால் கேனை வயிற்றோடு அணைத்து ஓசையில்லாமல் தரையில் வைப்பான். டீச்சரும் அப்படித்தான், ஒருமுறை படியில் பார்த்து, எல்லாரும் பாப்பா சாப்பிடுதாளான்னு கேப்பாவ, நீ சாப்பிடுதியா என்றார். நான் பதில் சொல்லாமல் ஏறி வந்துவிட்டேன், சொன்னால் அழுதிருப்பேன், அழுதால் அத்தைக்குத் தெரியும். பீர்முகம்மது அண்ணன் மீன்கடையில் காமிரா பன்னிரண்டு நாளைத்தான் வைத்துக்கொள்ளுமாம். இன்றைக்கு ராத்திரியோடு அந்தச் செவ்வாய் அழிந்துவிடும். நாலு மணி வெயிலும் டீச்சரின் முதுகும் எந்தப் பக்கம் போனார் என்பதும் அழிந்துவிடும், அப்புறம் நான் சொன்னாலும் யாராலும் பார்க்கமுடியாது. இதை நினைத்ததும் முதலில் வந்தது நிம்மதி. ஆமாம், நிம்மதி. இன்னும் ஐந்தாறு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்த நிம்மதியைக் கண்டுதான் நான் அதிகம் பயந்துபோனேன். பாப்பா வாயை எடுத்துவிட்டாள். போதுமென்று உதட்டைச் சுழிக்கிறாள். இன்னும் கொஞ்சம் என்று காம்பைத் தடவிப் பார்த்தேன், திரும்பிக்கொண்டாள். தோளில் போட்டுத் தட்டுகிறேன், ஏப்பம் வரட்டும், ஏப்பம் வராமல் எழுந்திருக்க முடியாது, யாரும் எழுந்திருக்கச் சொல்லவும் மாட்டார்கள். வந்துவிட்டது.

வடிவு, பாப்பா குடிச்சாச்சுன்னா வா, சார் எவ்வளவு நேரம் இருப்பாவ என்று அத்தையின் குரல். கூடத்தில் டியூப்லைட் வெள்ளையாக விழுகிறது. சார் பேனாவைத் திருகித் திறந்தே வைத்திருக்கிறார், கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு பெருக்கல் குறியும் போட்டுவைத்திருக்கிறார். நான் பாப்பாவை இடது தோளுக்கு மாற்றினேன். பேனாவை வாங்கினேன்.

"ரெண்டு பத்து இல்ல சார். நாலு மணிக்கு மேல இருக்கும். நோட்டுல நான் பொறவுதான் எழுதினேன்."

அத்தை தட்டைக் கீழே வைத்தார், மெதுவாக, ஒரு தம்ளர்கூட அசையாமல். "பொறவுன்னா?" என்று கேட்டார். கண்ணசந்துவிட்டேன் என்றேன். பன்னெண்டு நாளா ஏம்மா சொல்லல என்று சார் கேட்பார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன், அவர் கேட்கவில்லை. அவர் மனுவைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஜங்ஷனைப் பிடுங்கி எறிந்தால் தண்டவாளம் எங்கே போகும் என்பதுபோல. கோமு அக்காதான் பேசினாள், தூங்கி எந்திரிச்சவ பார்த்ததுக்கு என்ன நிச்சயம், சொப்பனமாக்கூட இருக்கும், பிள்ளை பெத்த உடம்புக்கு என்னென்னமோ தெரியும். சார் பெரிய மூச்சு விட்டார். அப்ப வடிவு சாட்சியே வேண்டாம், அதை எடுத்திருவோம், மத்தது அப்படியே நிக்கும், கேன்காரன் நாப்பது நிமிஷம் உள்ள இருந்தது இருந்ததுதானே என்றார். இதை நான் யோசிக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் பொய் மட்டும்தான் விழும் என்று நினைத்தேன், நானே விழுவேன் என்று நினைக்கவில்லை. மீன்கடையில் மூணு மணியிலிருந்து ஒருதடவை பாருங்கள் என்றேன். பார்ப்போம் நாளைக்கு என்றார். நாளைக்கு இருக்காது சார் என்றேன். டென்சிங் மட்டும் எழுந்து நின்றான், நின்றவன் சாரைப் பார்த்தான். நான் செருப்பைத் தேடினேன். அத்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"பாப்பாவ என்கிட்ட தந்துட்டுப் போ."

அந்தக் கைகள் நல்ல கைகள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற கைகள். ஆனால் இப்போது கொடுத்தால் நான் திரும்பி வரும்போது அந்தக் கைகளில் பாப்பா இருப்பாள், நான் வாங்கமாட்டேன், வாங்க எனக்கு வாய் வராது, நாளைக்கு மதினி வருவார். கொடுக்காமல் படியில் இறங்கினேன். லிஃப்டுக்கு நிற்கப் பயம். ஒவ்வொரு படியிலும் பாப்பாவின் தலை என் கழுத்தில் இடித்தது. பின்கேட்டுக்கு வெளியே சுடலைமுத்தின் மனைவி எழுந்து நின்றாள், ஒன்றும் கேட்காமல் என் பின்னாலேயே ரோட்டைக் கடந்தாள்.

மீன்கடைக்குள் எல்லாம் நீலம். தொட்டிகளில் காற்றுக்குமிழ்கள் விடாமல் மேலே ஏறுகின்றன. பீர்முகம்மது அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார், நான் உட்காரவில்லை. எத்தனை மணியிலிருந்தும்மா என்றார். தெரியல அண்ணே, மூணிலிருந்து போடுங்க என்றேன். வேகமாக ஓடவிட்டார், நாய் வந்து போனது, ஆட்டோ வந்து போனது, நிழல்கள் கேட்டின்மேல் நீண்டன. நாலு இருபத்து நாலுக்குக் கேட் திறந்தது. குடை. பை. டீச்சர். என் முதுகுக்குப் பின்னால் டென்சிங் மூச்சை இழுத்துப் பிடித்தான், வேதநாயகம் சாரும் வந்துவிட்டார் என்பது அந்தச் செருமலில் தெரிந்தது. டீச்சர் கேட்டைச் சாத்தி இரண்டடி நடந்து நின்றார். திரும்பினார். குடையைத் தாழ்த்தி மேலே பார்த்தார். அண்ணன் ஓட்டத்தைக் குறைத்தார். டீச்சர் அப்படியே நின்றார், நாலு இருபத்தாறு, நாலு இருபத்தெட்டு, ஒருமுறை கேட் வரை திரும்பி வந்து தாழில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி மேலே பார்த்தார். நாலு முப்பத்து மூன்றுக்கு அவர் தோள் தளர்ந்தது. குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலப்பக்கமாக, பஸ் ஸ்டாப் பக்கமாக, தன் பாட்டுக்கு நடந்து படத்தைவிட்டு வெளியே போனார்.

சுடலைமுத்தின் மனைவி திரையின் மூலையில் நேரம் ஓடுகிற இடத்தை விரலால் தொட்டு, இது எத்தன மணி என்று கேட்டாள். டென்சிங் சொன்னான். அவள் அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். டென்சிங் போனில் ஸ்டேஷனைக் கூப்பிட்டபடி வெளியே ஓடினான், பீர்முகம்மது அண்ணன் அந்தத் துண்டை வேறாக எடுத்து வைக்கத் தொடங்கினார். வேதநாயகம் சார் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேல யாரோ சைகை காட்டியிருக்கான் என்றார், மெல்ல, கண்டுபிடித்துவிட்ட குரலில். ஒம்பது நிமிஷம் சும்மா யாரும் அண்ணாந்து பாக்கமாட்டாவ. போகாதன்னோ போன்னோ ஒருத்தன் சொல்லியிருக்கான். பார்வை ரெண்டாவது மாடிக்குத்தான் போகுது, அங்க யாரெல்லாம் இருக்கா, எழுதணும். அவர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். கடை வாசலில் அத்தை வந்து நின்றிருந்தார், அவசரத்தில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க, அவரும் அந்த நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. சுடலைமுத்து வந்துவிடுவான். டீச்சரை இனிப் போலீஸ் தேடும். டீச்சர் எதைக் கேட்டு நின்றார் என்பது இந்தக் கடைக்குள் எனக்கு மட்டும்தான் தெரியும், எங்கள் இரண்டாவது மாடியில் நாலு வீடு இருக்கிறது, நாலில் ஒருத்தன் நாளைக்கு அந்த ஸ்டேஷனில் உட்காருவான்.

"யாரும் சைகை காட்டல சார்," என்றேன். "பாப்பா அழுதா. நான் எந்திரிக்கல. அழுக நிக்கிற வரைக்கும் டீச்சர் நின்னுருக்காங்க."

சார் பேனாவைத் தேடிய கையோடு நின்றார். அத்தை உள்ளே வந்தார், ஓரடி, இரண்டடி. நான் பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பீர்முகம்மது அண்ணன் ஒன்றும் புரியாமல், இன்னொரு தடவ போடட்டாம்மா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் போட்டுவிட்டார். டீச்சர் மறுபடி கேட்டைத் திறந்து வந்தார், நின்றார், அண்ணாந்து பார்த்தார். அந்தக் காமிராவில் சத்தம் பதியாது. எல்லோரும் பார்த்தார்கள், நான் கேட்டேன்.